பலூனில் எழுதிய நாற்காலி

எங்கள் பள்ளியில் எந்த வகுப்பறையிலும் ஆசிரியருக்கு நாற்காலி கிடையாது. உட்கார்ந்தால் பாடம் நடத்தும் வேகம் குறைந்துவிடுமாம். தாளாளர் வெங்கடாசலத்தின் கண்டுபிடிப்பு இது. அவர் அறையில் மட்டும் ஏழு நாற்காலிகள் கிடக்கின்றன.

கலைமணி மிஸ் ராசிபுரத்துக்காரர். அப்பா தறி ஓட்டிப் படிக்க வைத்தார். கணக்கில் எம்.எஸ்ஸி., பி.எட். முடித்து, சேந்தமங்கலம் சாலையில் இருக்கும் எங்கள் பள்ளிக்கு வந்து பதினொரு வருடம் ஆகிறது. தினம் ஏழு பீரியட், அதற்கு மேல் மாலைப் படிப்பு வேறு. அத்தனையும் நின்றபடிதான். கெண்டைக்காலில் நரம்புகள் நீலமாகப் புடைத்துக்கொண்டன. நின்றுகொண்டே இருந்தால் புண்ணாகிவிடும், அடிக்கடி உட்காருங்கள் என்று சேலத்து டாக்டர் எழுதிக் கொடுத்தார். இறுக்கமான காலுறையும் போடச் சொன்னார். சித்திரை வெயிலில், சேலைக்குள் அந்தக் காலுறையோடு அவர் நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

அந்தச் சீட்டை மிஸ் தாளாளரிடம் மூன்று முறை கொடுத்தார். "உங்களுக்குக் குடுத்தா எல்லாரும் கேப்பாங்களே மிஸ்" என்பதே மூன்று முறையும் பதில். கேட்டால் என்ன குடி முழுகிவிடும்? அதைக் கேட்க எங்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. வீரம் பேசும் செய்யுள்களை எல்லாம் வகுப்பில் முழங்குகிற தமிழ் மிஸ் நான்தான். எனக்கும் வரவில்லை.

போன ஜூலையில் ஒரு சனிக்கிழமை, எங்கள் விடுமுறையைப் பிடுங்கிக்கொண்டு, 'ஆசிரியர் மன அழுத்தம் போக்கும் பயிற்சி' வைத்தார்கள். கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் வந்தார். மூச்சை இழுத்து விடச் சொன்னார், கை தட்டிச் சிரிக்கச் சொன்னார். பிறகு ஆளுக்கொரு பலூன் கொடுத்தார். மனதை அழுத்துவது எதுவோ அதை அதில் எழுதி உடைத்துவிட வேண்டுமாம், கவலை பறந்துவிடுமாம். நாற்பது பேர் உடைத்தோம். நான் எழுதியதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது: 'அதிகம் யோசிப்பது'.

கலைமணி மிஸ் மட்டும் உடைக்கவில்லை. அவர் பலூனில் 'நாற்காலி' என்று இருந்தது.

"உடைங்க மேடம், மனசு லேசாயிரும்" என்றார் பயிற்சியாளர்.

"ஒடைச்சா நாற்காலி வந்துருங்களா?"

முன்வரிசையில் இருந்த தாளாளர் எழுந்தார். "எதுக்குங்க மிஸ் சபையில இதெல்லாம்?"

"மூணு தடவ சீட்டுக் குடுத்தனுங்க சார். கால் புண்ணாகறதுக்குள்ள ஒரு நாற்காலி கேக்கறனுங்க. அதுக்கு மூச்சுப் பயிற்சி எதுக்குங்க?"

திங்கட்கிழமை, வீட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஒன்பதாம் வகுப்பில் போட்டு, உட்கார்ந்து பாடம் நடத்தினார். பத்தே நிமிடம். வகுப்பறைக் கேமராவில் பார்த்த தாளாளர், சுவரில் இருந்த ஸ்பீக்கரில் "கலைமணி மிஸ், எந்திரிங்க" என்றார். பிள்ளைகள் முன்னால், மைக்கில்! அடுத்த வகுப்பில் இருந்த எனக்குக் காதெல்லாம் எரிந்தது. "அடுத்த கணக்கு எடுங்க சாமி" என்று மிஸ் பிள்ளைகளிடம் சொன்னதும் கேட்டது.

மதியம் அவரைத் தாளாளர் அறைக்குக் கூப்பிட்டார்கள். சாட்சிக் கையெழுத்துக்கு என்று என்னையும் கூப்பிட்டார்கள். 'சொந்தக் காரணங்களால் ராஜினாமா செய்கிறேன்' என்று கடிதம் தயாராக டைப் அடித்து இருந்தது.

"உக்காருங்க மிஸ், நிதானமாப் படிச்சுக் கையெழுத்துப் போடுங்க" என்றார் தாளாளர். பதினொரு வருடத்தில் அந்த அறையில் கலைமணி மிஸ்ஸை உட்காரச் சொன்னது அன்றுதான்.

உட்கார்ந்தார். கடிதத்தில் இருந்த வரியைப் பேனாவால் அடித்துவிட்டு, கீழே எழுதினார்: 'நான் ராஜினாமா செய்யவில்லை. வகுப்பில் உட்கார்ந்ததற்காக என்னை வெளியே அனுப்புகிறார்கள்.' கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, காகிதத்தை என் பக்கம் தள்ளினார்.

"சாட்சி நீங்கதானுங்களே மிஸ்."

தாளாளர் என்னையே முறைத்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு, உட்கார்ந்து, கையெழுத்துப் போட்டேன்.