மலையில் கட்டிய நூல்

மகள் என்னைப் பெரு நாட்டுக்குக் கூட்டிப்போனபோது, ஆண்டிஸ் மலையில் வழிகாட்ட ஓர் அம்மா வந்தார். என் வயதுதான் இருக்கும். இரட்டைச் சடை, தலையில் தொப்பி. நடந்தபடியே தக்கிளியில் கம்பளி நூல் நூற்பார். புல்லே இல்லாத மலைகள், சிவப்பும் மஞ்சளுமாய் நின்றன. பாதை சுலபம்தான். மகள் கை நீட்டினாள், நான் பிடிக்கவில்லை.

அந்த அம்மாவின் சால்வை ஓரத்தில் ஒரு நூல் தொங்கியது. பனியன் கம்பெனியில் முப்பது வருசம் பிசிறு வெட்டிய கை சும்மா இருக்குமா? வெடுக்கென்று அறுத்துவிட்டேன்.

அவர் நின்று, மகளிடம் என்னவோ சொன்னார்.

"ஏம்மா, இதென்ன பனியன் கம்பெனியா? மலையில கால் தவறாம இருக்கக் கட்டுன காப்பு நூலாமா அது!" என்றாள் மகள்.

எனக்குத் தலை நிமிரவில்லை. "தெரியாமப் பண்ணிப்போட்டனுங்க சாமி" என்றேன், தமிழிலேயே.

அவர் சிரித்தார். அங்கேயே ஒரு நூல் நூற்று, என் மணிக்கட்டில் கட்டினார். "உங்களுக்குங்க?" என்று அவர் சால்வையைக் காட்டினேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். நானும் விடவில்லை.

எங்கள் ஊர் மங்கலம் வந்தபிறகும் அந்த நூலின் நுனி நீளமாகத் தொங்குகிறது. நான் வெட்டவில்லை. அவர் தனக்கு வேறு நூற்றாரா என்றுதான் தெரியவில்லை.