கடலை மணலும் ஏரோப்ளேன் கதவும்

அந்த ஏரோப்ளேன் கதவு உடைஞ்சதுக்கு எங்க ஊட்டுக்காரரு காரணம் இல்ல. நான்தான். இதை நான் யார்கிட்டயும் சொன்னது கிடையாது, அவர்கிட்டயும் சொல்லல. இப்ப சொல்லி யாருக்கு இன்னா லாபம்னு கேப்பீங்க. ஒரு லாபமும் இல்ல. சொல்லாம இருந்து நெஞ்சு வெந்தது போதும், அவ்ளோதான்.

வெள்ளக்காரன் ஆண்ட காலம். ஜெர்மன்காரனோட ரெண்டாவது பெரிய சண்டை இன்னும் ஆரம்பிக்கல. நாங்க பூந்தமல்லியில இருந்தோம். அவருக்குப் பித்தளைக் குழாய் வளைக்கிற தொழில். பேண்டு செட்டுக்காரங்க ஊதற வாத்தியம் நசுங்கினாலும் உடைஞ்சாலும் பட்டணத்துலேர்ந்துகூட இவர்கிட்டதான் தூக்கிகினு வருவாங்க. நான் குமணன்சாவடி கூட்டுரோட்டுல அடுப்பு வெச்சு உப்புக்கடலை வறுத்து வித்தேன். கட்டை வண்டிக்காரங்க என் கடலை வாசனைக்கே மாட்டை நிறுத்துவாங்க. எனக்கு அதுல ஒரு திமிரு உண்டு, இல்லேன்னு சொல்ல மாட்டேன்.

குழாயைச் சும்மா புடிச்சு வளைச்சா நடுவுல நசுங்கிப் போயிடும். அதனால உள்ளே காஞ்ச மணலைக் கெட்டியா ரொப்பி, ரெண்டு வாயிலயும் மரத்தக்கை அடிச்சு, அப்புறம்தான் வளைக்கணும். வளைச்ச பின்னாடி தக்கையைப் புடுங்கி மணலைத் தட்டிக் கொட்டிடணும். மணல்ல துளி ஈரம் இருக்கக் கூடாது, சல்லடையில சலிச்ச மாதிரி நைசா இருக்கணும். அந்த மாதிரி மணலுக்கு அவரு ஆத்தங்கரைக்குப் போக வேண்டியதே இல்ல. என் வறுசட்டியிலயே இருந்துச்சு.

கடலை வறுக்கறவங்க மணலை மாத்த மாட்டோம். உப்புத் தண்ணியில ஊறவெச்ச கடலையை அந்த மணல்லயே போட்டுப் போட்டு வறுப்போம். நாளாக நாளாக மணல் கறுத்து, உப்பு ஏறி, கையில அள்ளினா மாவாட்டம் வழியும். புது மணல்ல வறுத்தா கடலை ஒரு பக்கம் தீயும், ஒரு பக்கம் பச்சையா நிக்கும். "என் மணல் மாதிரி இந்த ரோட்டுல எவகிட்ட கீது?"ன்னு நான் சவால் விடுவேன். அவரும் ஒரு தகர டப்பா நெறைய அள்ளிகினு போவாரு. எத்தனையோ வருசம் அதைத்தான் பித்தளைக்குள்ள ரொப்பினாரு. வேலை முடிஞ்சதும் குழாய்க்குள்ள புளித்தண்ணியை ஊத்தி அலசி, நல்ல தண்ணியில கழுவிடுவாரு. ஒரு வாத்தியத்துக்கும் ஒண்ணும் ஆனதில்ல.

அம்பத்தூர் பக்கம் ஒரு மாந்தோப்புல இஞ்சினியர் ஐயா ஒருத்தர் இருந்தாரு. சீமைக்குப் போய்ப் படிச்சவரு. முப்பது வயசு இருக்கும், கல்யாணம் ஆகல. சீமைப் புஸ்தகத்தைப் பார்த்து மாட்டுக் கொட்டாயில தானே ஏரோப்ளேன் கட்டறாருன்னு ஊரே சிரிச்சுது. அவருதான் ஒரு நாள் மோட்டார் சைக்கிள்ல வந்து, விரல் தண்டி அலுமினியக் குழாய் ஒரு கட்டு எறக்கினாரு.

"மேஸ்திரி, கதவுக்கு ரெண்டு சட்டம், ஜன்னலுக்கு நாலு சட்டம். மூலை எல்லாம் வளைவா வரணும். எங்கயும் ஒரு சுருக்கம் விழக்கூடாது. உங்களைத்தான் எல்லாரும் சொன்னாங்க"ன்னாரு.

நான் ஒரு குழாயைத் தூக்கிப் பார்த்தேன். "இன்னாயா இது, அப்பளமாட்டம் லேசா கீது. இதைக் கட்டிகினா மனுசன் பறப்பான்?"னு கேட்டுட்டேன். ஐயா சிரிச்சுட்டாரு. "கனமா இருந்தா பறக்காதும்மா"ன்னு சொல்லி, ஒரு பொட்டலம் கடலை வாங்கி அங்கேயே நின்னு தின்னாரு.

முதல் குழாய் பாழாப் போச்சு. பித்தளையைச் செவக்கற வரைக்கும் காய்ச்சி மிருதுவாக்கறது இவரு பழக்கம். அலுமினியம் செவக்கவே இல்ல, திடீர்னு தொங்கி உருகிடுச்சு. "அடக் கடவுளே!"ன்னு தலையில கைய வெச்சுகினு உக்காந்துட்டாரு. அப்புறம் ஐயா வந்து வழி சொன்னாரு. குழாய் மேல துணிக்குப் போடற சவுக்காரக் கட்டியைத் தேய்ச்சுட்டு அனல்ல காட்டணும், சவுக்காரம் கறுத்தா உடனே எடுத்துடணும். இன்னொண்ணும் சொன்னாரு. "பித்தளைக்குப் பண்ற மாதிரி புளி, எலுமிச்சை எதையும் ஊத்திடாதீங்க. அலுமினியத்தை அரிச்சிடும்." நியாயமான பேச்சு. அதுக்குள்ள போற மணல்ல இன்னா கீதுன்னு அவருக்கு எப்படித் தெரியும்? எங்களுக்கு எப்படித் தெரியும்? புளி கூடாதுன்னாரு, நாங்க தண்ணியே ஊத்தல. மணலைத் தட்டிக் கொட்டினதோட சரி.

ரெண்டு மாசம் வேலை. மரத்துல அச்சு செதுக்கி, அதைச் சுத்திக் கொஞ்சம் கொஞ்சமா குழாயை வளைச்சாரு. சோறு ஆறிப் போயி ஈ மொய்க்கும், அவரு எழுந்திரிக்க மாட்டாரு. கதவுச் சட்டம் முடிஞ்ச அன்னிக்கு அதை வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சு, "பாருமே, ஒரு சுருக்கம் கீதா சொல்லு"ன்னாரு. இல்லவே இல்ல. நெலைப்படியில எண்ணெய் வழிஞ்ச மாதிரி அப்படி ஒரு வழவழப்பு. எனக்கும் பெருமைதான். என் மணலாலதான் இவ்ளோ சுத்தமா வந்துச்சுன்னு கடைக்கு வந்தவங்ககிட்டல்லாம் பீத்திகினேன்.

அந்த வருசம் மழை விடாம அடிச்சுது. ஏரோப்ளேன் மூணு மாசம் அந்த ஒழுகற கொட்டாயிலயே நின்னுச்சு. பொங்கல் முடிஞ்சுதான் ஐயா பறந்தாரு. முதல் ரெண்டு தடவை நல்லபடியா போச்சு. எங்க ஊட்டுக்காரரு ரோட்டுல நின்னு அண்ணாந்து பார்த்து, "என் கதவு, என் கதவு"ன்னு போறவன் வர்றவன் தோளை எல்லாம் புடிச்சுக் காட்டினாரு.

மூணாவது தடவை நான் அடுப்பாண்ட இருந்தேன். சத்தம் கேட்டுது, எல்லாரும் மேல பார்த்தோம். பறந்துகினு இருந்ததுலேர்ந்து தட்டு மாதிரி ஒண்ணு பிச்சுகினு போயி வால்ல அடிச்சுது. அவ்ளோதான், ஏரோப்ளேன் தலைகீழா செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கம் போயிடுச்சு. ஜனம் எல்லாம் ஓடுச்சு. நான் ஓடல. அடுப்பாண்டயே நின்னேன். ஐயா அங்கேயே செத்துட்டாருன்னு சாயங்காலம் சொன்னாங்க.

எட்டாம் நாள் ஐயாவோட அண்ணன் எங்க ஊட்டு வாசல்ல வந்து நின்னாரு. கையில கதவுச் சட்டத்துல ஒரு மூலைத் துண்டு. வளைவுலயே ரெண்டா ஒடிஞ்சிருந்துச்சு. அதைத் தூக்கி எங்க ஊட்டுக்காரரு காலாண்ட எறிஞ்சாரு.

"வளைக்கும்போதே விரிசல் விட்டிருக்கு. அது மேல பாலீஷ் போட்டு மறைச்சுக் கொடுத்துட்டே. என் தம்பியைக் கொன்னது நீ. உன்னை ஜெயில்ல போடாம விடமாட்டேன்."

அவரு குனிஞ்சாரு. துண்டைக் கையில எடுத்து, ஒடிஞ்ச எடத்தை வெளிப்பக்கமாவே தடவித் தடவிப் பார்த்தாரு. அப்புறம் கீழ வெச்சுட்டு உள்ளே போயி சுவரைப் பார்த்துப் படுத்துகினாரு.

நான்தான் அதை எடுத்தேன். உள்ளே எட்டிப் பார்த்தா குழாய் முழுக்க வெள்ளை வெள்ளையா சுண்ணாம்பு மாதிரி பூத்துக் கெடக்குது. நகத்தால சொரண்டினேன், உதிருது. அலுமினியம் காகிதமாட்டம் இளைச்சு, அங்கங்க ஓட்டை. வளைவுல எங்கேயோ ஒட்டிகினு நின்ன கறுப்பு மணல் நாலு வந்து விழுந்துச்சு. ஒண்ணை எடுத்து நாக்குல வெச்சேன். உப்பு. வாழ்நாள் முழுக்க அந்த உப்பைத் தின்னவ நான், எனக்கா தெரியாது? மழை ஈரத்துல மூணு மாசம் அந்த உப்பு உள்ளுக்குள்ளயே அரிச்சிருக்கு. விரிசலும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. அவரு வளைச்சது வளைச்சபடியே இருந்துச்சு.

அப்பவே உள்ளே ஓடிப்போயி, "யோவ், தப்பு உன்னுது இல்ல"ன்னு சொல்லியிருக்கணும். சொல்லல. போலீஸ்காரன் என்னை இழுத்துகினு போயிட்டா எங்க பன்னெண்டு வயசுப் பொண்ணை யாரு பார்ப்பாங்கன்னு எனக்கு நானே சொல்லிகினேன். அது பாதிதான் நெசம். ஊரெல்லாம் பீத்திகினேனே, அந்த வெக்கம்தான் மீதி. துண்டை அடுப்புல போட்டுக் கரியை ஊதி ஊதி உருக வெச்சேன். மறுநாள் மணலைக் கொண்டுபோயி ஓடையில கொட்டிட்டுப் புது மணல் போட்டேன். அன்னிக்குக் கடலை எல்லாம் தீஞ்சு போச்சு.

"மணலை ஏன்மே மாத்தின?"ன்னு கேட்டாரு.

"பழசாயிடுச்சு"ன்னேன். சரின்னு தலையை ஆட்டினாரு.

ஜெயிலுக்கெல்லாம் போகல. அந்த அண்ணனும் அப்புறம் வரல. ஆனா அதோட அவரு தொழில் போச்சு. ஊட்டுல கெடந்த பழைய பித்தளைக் குழாயை எல்லாம் வளைச்சு வளைச்சு வெயில்ல வெச்சு, எங்க விரிசல் விடுதுன்னு ஆணியால கீறிப் பார்த்துகினு உக்காந்திருப்பாரு. விரிசல் இருக்காது. "எங்கமே தப்பு பண்ணேன்? எந்தக் கை புடியில தப்பு பண்ணேன்?"னு என்னைக் கேப்பாரு. "உடுயா, உன் தலையெழுத்து"ன்னுவேன். பாவி, அப்படித்தான் சொன்னேன். பேண்டுக்காரங்க வந்தா வேற ஆளைப் பாருன்னு அனுப்பிடுவாரு.

சண்டை வந்துச்சு. ஆவடியில பட்டாளத்து வேலை ஏகப்பட்டது. குழாய் வளைக்கத் தெரிஞ்சவன் வேணும்னு ஒரு காண்டிராக்டர் ஊடு தேடி வந்தாரு. இவரு மாட்டேன்னுட்டாரு. அதே ஆவடிக்கு ரோடு போடறதுக்குக் கல்லு தூக்கப் போனாரு. வளைக்கிற வேலை செஞ்ச தோளு கல்லு தூக்கித் தூக்கி எறங்கிப் போச்சு. நான் பார்த்துகினுதான் இருந்தேன்.

பொண்ணைக் கட்டிக் கொடுத்து, தலைப்பிரசவம் எங்க ஊட்டுல. பெண் குழந்தை. மருத்துவச்சி துணியில சுத்தி வெளிய எடுத்துகினு வந்து, "தாத்தா, கைய நீட்டு"ன்னா. அவரு ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னாடி கட்டிகினாரு. வெக்கப்படறாருன்னு நெனச்சு அவ சிரிச்சா. "அட, சும்மா வாங்குயா, ஒண்ணும் ஆவாது"ன்னா.

"வேணாம் தாயி. ஒரு உசுரு போனது போதும்"னாரு.

வாய் வரைக்கும் வந்துச்சு எனக்கு. சாமி சத்தியமா வந்துச்சு. நான் கைய நீட்டிக் குழந்தையை வாங்கிகினேன். அவரு கிட்ட வந்து, பின்னாடி கட்டின கையை எடுக்காமலே குனிஞ்சு, அது மூஞ்சியைப் பார்த்தாரு.

"நீயே வெச்சுக்கமே"ன்னாரு. "உன் கை நல்ல கை."