நூறு போல்ட் பெட்டிகளும் கணிக்கவே முடியாத நானும்

நாட்டு மக்களின் கனிவான கவனத்துக்கு: தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை, அண்ணனூர் வீட்டில் நான் காலை ஆறரைக்கே எழுந்துவிட்டேன். எழுப்பியது சுமதி அக்கா. புள்ளியியலில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தாள். குவிந்து கிடக்கும் சரக்கில் கொஞ்சத்தை மட்டும் பார்த்து மொத்தத்தின் தரத்தை எப்படிச் சொல்வது என்பதுதான் ஆராய்ச்சி. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு போல்ட் பட்டறை அந்த ஒரு நாள்தான் அனுமதி தந்திருந்தது. மூன்று மணிக்கு லாரி வந்துவிடும். அதற்குள் அளக்காவிட்டால் ஆய்வேட்டில் ஒரு அத்தியாயமே காலி. பெட்டி பிரிக்கும் எடுபிடி நான். கூலி, முட்டைப் பரோட்டா.

அண்ணனூரில் மின்சார ரயில் ஏறினால் கால் மணி நேரத்தில் பட்டரவாக்கம். டிக்கெட் இரண்டு ரூபாய்க்குள். அங்கிருந்து பட்டறைக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் நடை. எந்தத் தெருவில் போகிறோம் என்பதை மூக்கே சொல்லிவிடும்: ரப்பர், பெயின்ட், கிரீஸ்.

சுவரோரம் நூறு மரப்பெட்டிகளை எண் போட்டு அடுக்கியிருந்தார்கள். இருபதைப் பிரிக்க வேண்டும். எந்த இருபது என்று சொல்லும் சமவாய்ப்பு எண் புத்தகம், ரயிலைப் பிடித்த அவசரத்தில் வீட்டிலேயே தங்கிவிட்டது.

"கவலைய விடுக்கா. நான் அடுத்து என்ன செய்வேன்னு எங்க ஹெட்மாஸ்டருக்கே தெரியாது. வாயில வர்ற நம்பரைச் சொல்றேன்" என்றேன். நேரமில்லை, அக்காவும் தலையாட்டிவிட்டாள். முப்பத்தேழு, அறுபத்து மூன்று, நாற்பத்தேழு என்று அள்ளி விட்டேன்.

பன்னிரண்டு பெட்டி இறக்கியதும் சுமை தூக்கும் மாரி அண்ணன் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "இன்னா நைனா, நடுவுல கீற பொட்டியாவே கேட்டுகினு கீற? ஓரத்துல கீறதுல இன்னா, பாம்பா கீது?"

அக்கா எழுதி வைத்திருந்த எண்களைப் பார்த்தாள். ஒன்று இல்லை, நூறு இல்லை, பத்து, இருபது மாதிரி எண் எதுவுமே இல்லை. மொத்தத்தையும் கோடு போட்டு அடித்தாள்.

"இதெல்லாம் உனக்குப் புடிச்ச நம்பர்டா, ஓரத்துப் பெட்டிக்கு வாய்ப்பே இல்ல. திரும்ப மொதல்லேர்ந்து."

"மணி பன்னெண்டுக்கா!"

"ஆகட்டும்."

பழைய பேப்பரை நூறு துண்டாகக் கிழித்து, எண் எழுதி மடித்து, காலி கிரீஸ் டின்னில் போட்டோம். "ஊட்ல சீட்டு கட்றோம், ஒரு தபா நம்ம பேரு வந்ததில்ல" என்றபடி மாரி அண்ணன் குலுக்கினார். முதல் துண்டே நூறு. மூலையில் கிடந்த அந்தப் பெட்டியில் பாதிக்கு மேல் திருகு மரை சரியாக விழாத போல்ட். பட்டறை மேஸ்திரிக்கு முகம் சுண்டிவிட்டது. அக்கா நிமிரவில்லை, சாப்பிடவுமில்லை. லாரி ஹாரன் அடித்தபோது இருபதாவது பெட்டிக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தோம்.

இப்படி வேலையாகப் போகிறவர்கள் புத்தகத்தையும் சாப்பாட்டையும் முதல்நாளே பையில் வையுங்கள். சனிக்கிழமை மதியத்துக்கு மேல் அந்தப் பக்கம் ஓட்டல்கள் மூடிவிடும். பரோட்டா போச்சு.

திரும்பும் ரயிலில் அக்கா கேட்டாள்: "திங்கக்கிழமை ஸ்கூல்ல நீ என்ன சொல்லுவேன்னு நான் சொல்லட்டா? 'மூலைப் பெட்டியைக் கண்டுபிடிச்சதே நான்தான்டா'."

"சேச்சே" என்றேன்.

திங்கட்கிழமை, பிரேயர் மணி அடிப்பதற்குள் நான்கு பேரிடம் சொல்லியிருந்தேன். 'டா' உட்பட.