காலேஜுக்கு ஆள் பார்க்கிற கம்பவுண்டர்

கைத்தடியைக் குப்பைமேட்டில் முழங்கை ஆழத்துக்குக் குத்தி, உருவி, நுனியை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்க்கிறார் ஏசுதாசன். வீட்டுக்காரர் ஒச்சாண்டி, மாட்டுக்கு ஏதோ வியாதி வந்துவிட்டதென்று நினைத்துப் பக்கத்தில் பதறிப்போய் நிற்கிறார்.

"ஒண்ணுமில்லப்பா, நல்லா மக்கியிருக்கு. எங்க சித்தப்பா வயலுக்கு வேணும்கிறாக. விலைக்குத் தருவியா?"

"விலைக்கா? எங்க வயலுக்கே இது பத்தாது கம்பவுண்டரய்யா."

ஏசுதாசனுக்கு வேண்டியது அந்த ஒரு பதில்தான். சித்தப்பாவுக்கு வயலும் கிடையாது. சித்தப்பா செத்து இருபது வருஷம் ஆகிறது. குப்பையை விற்கிறவனுக்குக் கை கடிக்கிறது, விற்காதவனுக்குக் கடிக்கவில்லை என்பது அவருடைய கணக்கு. குடையை விரித்துக்கொண்டு அடுத்த வீட்டுத் தொழுவத்தைப் பார்க்க நடந்துவிடுகிறார்.

கம்பம் பள்ளத்தாக்குக்கு ஒரு காலேஜ் வேண்டும் என்று ஒரு கமிட்டி கூடி ஒன்றரை வருஷம் ஆகிறது. இந்த நாற்பத்தாறாம் வருஷம் பங்குனி முடிவதற்குள் மூலதனம் முழுவதையும் காட்டினால்தான் பல்கலைக்கழகம் அனுமதி தரும். இல்லையென்றால் மனு திரும்பி வந்துவிடும். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் மதுரைக்குப் பஸ் ஏறுவார்கள், மற்றவர்கள் ஏர் பிடிக்கப் போவார்கள். பெரிய தொகை யாரால் தர முடியும், யாருக்குத் தர மனம் வரும், அவரிடம் யார் போய் எந்த நேரத்தில் கேட்க வேண்டும் என்பதையெல்லாம் முன்கூட்டியே விசாரித்துச் சொல்வதற்குத்தான் அல்லிநகரத்து ஏசுதாசனைப் பிடித்துப் போட்டிருக்கிறார்கள். இருபத்தெட்டு வருஷம் மாட்டு ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்து பென்ஷன் வாங்கியவர். ஊரில் எல்லோரும் வீட்டுக் கூடத்தைப் பார்த்து ஆளை எடை போடுவார்கள். இவர் உத்தியோகம் பார்த்ததெல்லாம் தொழுவத்தில். படப்பில் போன வருஷத்து வைக்கோல் பிரிக்காமல் இருக்கிறதா, தொட்டியில் பருத்திக்கொட்டைப் பால் மணக்கிறதா, காளைக்கு லாடம் தேய்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு அந்த வீட்டு நிலவரத்தைப் புட்டுப்புட்டு வைப்பார்.

அவருடைய நோட்டு தனி வேடிக்கை. ஆஸ்பத்திரியில் கழித்துப்போட்ட பழைய நோட்டு. அடையாளம், தீனி, சுபாவம் என்று மாடுகளுக்காக அச்சடித்த கட்டங்கள். அதிலேயே பெரிய மனிதர்களை எழுதிக்கொண்டு போகிறார். கெங்குவார்பட்டி மிராசுதார் ஒருவர் பெயருக்கு எதிரே, "காலையில் சாது. உச்சிப்பொழுதுக்கு மேல் முட்டும்" என்று இருக்கிறது. இன்னொருவருக்கு, "கூட்டத்தைக் கண்டால் மிரளும். தெரிந்த ஆள் ஒருத்தர் மட்டும் போகவும்." கமிட்டிக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்துவிட்டு அந்தக் குறிப்பின்படியே காலையில் போனார்கள்; பாங்க் செக்கோடு திரும்பினார்கள். அதற்குப் பிறகு அந்த நோட்டைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை.

ஒரே ஒரு தடவை அவர் பேச்சைக் கேட்காமல் போனார்கள். போடியில் ஏலக்காய் வியாபாரி கருத்தக்கண்ணன். கலர்க் கண்ணாடி ஜன்னல், வாசலில் மோட்டார். "அங்கன போகாதீக. அவுக வண்டிமாட்டுக்கு விலா எலும்பு எண்ணலாம். ரெண்டு மாசமாப் பருத்திக்கொட்டை வாங்கல" என்றார் ஏசுதாசன். மாட்டைப் பார்த்தா மனுஷனைச் சொல்வது என்று எட்டுப் பேர் கிளம்பிப் போனார்கள். நல்ல காப்பி கிடைத்தது. அடுத்த சீசனில் பார்க்கலாம் என்ற வார்த்தை கிடைத்தது. மறுமாதம் மோட்டார் விலைக்குப் போயிற்று.

இப்படியெல்லாம் சேர்த்தும், பங்குனி பாதி கடந்தபோது இன்னும் இருபதாயிரம் ரூபாய் குறைந்தது. லிஸ்டில் இருந்த பெயர்கள் அத்தனையும் தீர்ந்துவிட்டன. ஏசுதாசனுக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. எட்டாவதோடு படிப்பு நின்று, டாக்டர்களின் பின்னால் மருந்துப்பெட்டி தூக்கியே தலை நரைத்த மனிதர் அவர். இந்தக் காலேஜ் வராமல் போனால் தமக்கே இரண்டாம் முறை படிப்பு நின்றதுபோல் இருக்கும் என்று வீட்டில் சொல்லிக் கண் கலங்கினார்.

நான்காம் நாள் அந்த லிஸ்டை எப்படித் தயாரித்தார்கள் என்று கேட்டார். கமிட்டித் தலைவர் மலைச்சாமி, அனுமந்தன்பட்டிப் பெரிய வீட்டுக்காரர், பெருமையோடு சொன்னார்: "ஊருக்கு ஊரு கோயில் கொடைத் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி பிரிக்கிறமே, அந்த லிஸ்டுதான். ஒரு வீடு விட்டுப்போகாது."

ஏசுதாசன் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர், கோயில் வரி கொடுத்தவரும் அல்லர், பிரித்தவரும் அல்லர். அதனால்தானோ என்னவோ, மற்றவர் கண்ணில் படாதது அவர் கண்ணில் பட்டது. தலைக்கட்டு என்றால் ஆண்பிள்ளை உள்ள குடும்பம். பிள்ளையில்லாமல் கணவனை இழந்தவள் வீடு தலைக்கட்டில் சேராது; அவளிடம் வரி வாங்குவதில்லை. அவளுக்கு எத்தனை ஏக்கர் இருந்தாலும் அந்த லிஸ்டில் அவள் இல்லை. தலைவர் ஊரிலிருந்தே தொடங்கலாமென்று, நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு அன்றே அனுமந்தன்பட்டிக்குப் பஸ் ஏறினார்.

மலைச்சாமி வீட்டிலிருந்து ஆறாவது வீடு மொக்கம்மாள் வீடு. இருபத்துநாலு வயதில் தாலி இழந்து, பங்காளிகளோடு கோர்ட்டில் மல்லுக்கட்டி நிலத்தை மீட்டவள். இப்போது ஐம்பத்தைந்து வயது. கிழிசலைத் தைத்துக் கட்டிய வெள்ளைச் சேலை, காதில் பொட்டுத் தங்கம் இல்லை. ஆனால் பின்பக்கம் ஆறு ஜோடிக் காளைகள் பளபளவென்று நின்றன. படப்பு மூன்று. குப்பைமேடு சுவரை எட்டிப் பார்த்தது. ஏசுதாசன் தடியைக்கூட ஊன்றிப் பார்க்கவில்லை. உடம்பெல்லாம் சந்தோஷம் ஓடியது.

நல்ல நேரம், ஒரு பசு கன்று போட முடியாமல் தவித்துக்கொண்டிருந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். ஒரு மணி நேரப் போராட்டம். கன்று விழுந்ததும் மொக்கம்மாள் கை கழுவத் தண்ணீர் ஊற்றினாள். கைகழுவுகிற சாக்கில்தான் ஏசுதாசன் பேச்சை எடுத்தார்.

"ஏன் ஆத்தா, சித்திரைக் கொடைக்கு உங்க வீட்டு வரி எவ்வளவு?"

"எனக்கேது வரி? முப்பது வருஷமா இந்தத் தெருவுல வரி பிரிக்கிறாக. என் வாசலைத் தாண்டி அடுத்த வாசலுக்குப் போயிருவாக. ஆம்பளை இல்லாத வீடு தலைக்கட்டு இல்லையாம்ல."

"கேட்டா குடுப்பீகளா?"

சொம்பில் மீதியிருந்த தண்ணீரைக் கீழே கொட்டிவிட்டு அவள் சொன்னாள்: "கேட்டாத்தான?"

நோட்டில் சுபாவம் என்ற கட்டத்துக்கு நேரே ஏசுதாசன் அன்று எழுதியது இது: "நல்ல திடம். கொடுக்கும். இதுவரை ஒருவரும் கேட்டதில்லை."

கமிட்டியில் படித்தபோது மலைச்சாமியின் முகம் சுண்டிப்போயிற்று. "என் தெருவுல, ஒரு பொம்பளை வாசல்ல நான் போயி நிக்கிறதா? சுந்தர்ராஜை அனுப்புங்க" என்று செக்ரட்டரியைக் கை காட்டினார். தேனி பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் சுந்தர்ராஜ் நல்ல பேச்சுக்காரர்தான். ஏசுதாசன் ஒத்துக்கொள்ளவில்லை. "அவுகளைத் தாண்டிப் போனது நீங்கதான் அய்யா. நீங்க போயிக் கேட்டாத்தான் அவுகளுக்குக் கேட்ட மாதிரி. யாரும் கேட்கலாம்னா நான் எதுக்கு இருக்கேன்?" என்றார். குரல் உயரவில்லை, ஆனால் நோட்டை மூடி மேஜைமேல் வைத்துவிட்டார். அவள் இல்லையென்று சொன்னால் அந்த நோட்டை அவர்களே கிழித்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். பங்குனி முடிய ஒன்பது நாள் இருந்தது. மலைச்சாமி வேறு வழியில்லாமல் துண்டை எடுத்துத் தோளில் போட்டார்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குத் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், தேங்காயோடு மலைச்சாமி, சுந்தர்ராஜ், ஏசுதாசன் மூன்று பேரும் போனார்கள். மலைச்சாமி அந்த வீட்டுக்குள் நுழைவதைப் பார்த்துக் குடத்தோடு போன பெண்கள் நின்றார்கள். ஏர் கொண்டுபோனவர்கள் ஏரை இறக்கி வைத்தார்கள். மொக்கம்மாள் பெஞ்சைத் துடைத்துப் போட்டாள். மோர் கொடுத்தாள். மலைச்சாமி மோரையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "காலேஜு விஷயமா வந்தோம்" என்று முனகினார்.

"என்ன குறையுது?"

"இருபதாயிரம்."

"அதை நான் கட்டுறேன்."

சுந்தர்ராஜ் டம்ளரைத் தரையில் வைக்கப்போய்த் தன் வேட்டியிலேயே மோரை ஊற்றிக்கொண்டார். ஏசுதாசன் இரண்டு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எழுந்து குதிக்காமல் இருப்பதற்காகத்தான்.

"தென்னந்தோப்பு வித்த பணம் உள்ள இருக்கு. இன்னைக்கே எண்ணிக்கலாம்" என்றாள் மொக்கம்மாள். "ஆனா ஒண்ணு. கொடைக்கு வர்றப்ப ஒவ்வொரு வாசல்லயும் நின்னு, தலைக்கட்டு இன்னாரு வீட்டு வரின்னு கூப்பிடுவீகள்ல. முப்பது வருஷமா அந்தச் சத்தத்தை உள்ள இருந்து கேட்டுக்கிட்டே இருக்கேன். அதே மாதிரி என் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க. பெறகு வாங்கிக்கங்க."

மலைச்சாமி ஏசுதாசனைப் பார்த்தார். ஏசுதாசன் மேலே உத்தரத்தைப் பார்த்தார். மலைச்சாமி மெதுவாக எழுந்து நின்றார். தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். அவர் எதற்காக அப்படிக் கட்டினார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தலைக்கட்டு மொக்கம்மா வீட்டு வரி."

சொல் சரியாகத்தான் வந்தது. ஆனால் கூடத்தைத் தாண்டவில்லை. தெருவில் நின்றவர்கள் கழுத்தை நீட்டினார்கள். மொக்கம்மாள் பணம் எடுக்க உள்ளே போகவில்லை. ஏசுதாசன் எழுந்தார், வாசலுக்குப் போய், அந்த வீட்டு இரட்டைக் கதவில் இத்தனை வருஷமும் சாத்தியே கிடந்த இரண்டாவது கதவின் தாழ்ப்பாளை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துத் தூக்கி, கதவைச் சுவரில் மோதத் திறந்துவிட்டு, மலைச்சாமியைத் திரும்பிப் பார்த்தார்.