குன்றைக் காத்த பொன்னாடை

எங்கள் தமிழ்ச் சங்கத்துக்கு ஒரு வியாதி உண்டு. டை கட்டிய ஒருவர் வாசலில் வந்து நின்றால் போதும், அவர் யார், எதற்கு வந்தார் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். முன்வரிசையில் இருத்தி, மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, கையில் ஒலிவாங்கியைக் கொடுத்து இரண்டு வார்த்தை பேசச் சொல்வார்கள். ஒருமுறை மண்டபத்தின் தீயணைப்புக் கருவிகளைச் சோதிக்க வந்தவருக்கே பொன்னாடை போர்த்தியிருக்கிறோம். பாவம், அந்த மனிதர் அதைப் போர்த்தியபடியே போய்த் தன் வேலையைப் பார்த்தார்.

சிட்னிக்கு வந்த காலம் முதல் இதைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் அந்த விசர் வேலைதான் கடைசியில் ஒரு குன்றைக் காப்பாற்றியது. அதனால் இப்போது கொஞ்சம் வாயை அடக்கிக்கொண்டு இருக்கிறேன்.

நான் மேற்கு சிட்னியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் தாதியாக இருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஹண்டர் பள்ளத்தாக்கிலிருந்து ஒரு விவசாயியை எங்கள் வார்டில் கொண்டுவந்து சேர்த்தார்கள். அவருடைய மனைவி பக்கத்துக் கதிரையிலேயே இருந்து, அதிலேயே தூங்கி எழும்பினார். நான் என் சாப்பாட்டுப் பெட்டியிலிருந்து இடியப்பத்தையும் சொதியையும் பங்குபோட்டுக் கொடுப்பேன். நோயாளிக்குத் தன் வருத்தத்தைப் பற்றி ஒரு கதையும் இல்லை. வீட்டுக்குப் பின்னால் நிற்கும் குன்று, அதன் அடியில் எந்த வறட்சிக்கும் வற்றாத ஊற்று, இவ்வளவுதான் பேச்சு. அவர் கண்ணை மூடிய பிறகு, சாம்பலைக் கொண்டுபோய் அந்தக் குன்றின் உச்சியில் தூவியதாக மனைவி வார்டுக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னார். ஒருநாள் வந்து பாருங்கள் என்றும் கேட்டார்.

நானும் கணவரும் போனோம். மூன்று மணித்தியால ஓட்டம். அந்தக் குன்றை மலை என்று சொன்னால் கண்டிக்காரர் சிரிப்பார்கள். நாங்கள் யாழ்ப்பாணம், எங்களுக்கு வயல் வரம்பை விடக் கொஞ்சம் உயர்ந்தாலே மலைதான். ஊற்றுத் தண்ணீரை அந்த மனுசி ஒரு தகரக் குவளையில் மொண்டு தந்தார். பல்லுக் கூசும் குளிர். கதையோடு கதையாக, எங்கள் புறநகரில் பொங்கலைக் காஸ் அடுப்பில் கார்க் கொட்டகைக்குள் வைத்துப் பொங்குகிறோம், புகை மணி அடித்துக்கொண்டே இருக்கும் என்று நான் சொல்ல, அவர் சிரித்துவிட்டு, அடுத்த முறை எல்லோரும் இங்கே வாருங்கள் என்றார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு தையிலும் எங்கள் சங்கம் அந்தப் பண்ணையில்தான் பொங்கும். பண்ணைக்கார மனுசி ஊர்த் தீயணைப்புப் படையில் தொண்டர். தை மாதம் இங்கே புல்லெல்லாம் காய்ந்து கிடக்கும் காலம். அடுப்பைச் சுற்றி நிலத்தைச் செதுக்கி, காற்றைப் பார்த்து, அவர் தலையாட்டிய பிறகுதான் நெருப்பு மூட்டலாம். தீத்தடை போட்ட நாளென்றால் ஒரு நெருப்புக்குச்சிக்கும் அனுமதி இல்லை, குசினிக்குள்தான் பொங்கல். மற்றப்படி பால் பொங்கி வழியும்வரை தண்ணீர்க் குழாயைக் கையில் பிடித்தபடி பானைக்குப் பக்கத்திலேயே நிற்பார். எங்கள் பிள்ளைகள் படம் கீறினால் பானை, கரும்பு, சூரியன், அதற்குப் பக்கத்தில் குழாயோடு ஒரு வெள்ளைக்கார மனுசி இருப்பார்.

அந்தக் குன்றுக்கு அடியில்தான் நிலக்கரி இருந்தது. ஒரு நிறுவனம் வந்து, இளநீரின் தலையைச் சீவுவதுபோல் குன்றின் தலையைச் சீவி, கரியை எடுத்துவிட்டு, மண்ணையும் கல்லையும் ஓடைப் பள்ளத்தில் கொட்டப் போவதாகத் திட்டம் போட்டது. அக்கம்பக்கத்தவர் ஒருவர் பின் ஒருவராக விற்றுவிட்டுப் போனார்கள். இவர் மட்டும் அசையவில்லை. விலையைக் கூட்டிக் கூட்டிக் கேட்டார்கள். ஒவ்வொரு முறையும் இவர் சொன்ன பதில் ஒன்றுதான்: “என் கணவர் மேலே இருக்கிறார்.”

ஊர் இரண்டாகப் பிரிந்தது. ஒரு வேலியில் ‘குன்றைத் தொடாதே’, அடுத்த வேலியில் ‘கரிதான் எங்கள் சோறு’. ஒரே தேவாலயத்தில் இரண்டு பக்கமாகப் பிரிந்து இருந்தார்கள். நான் ‘குன்றைத் தொடாதே’ பட்டியைச் சட்டையில் குத்திக்கொண்டு பேக்கரிக்குப் போனேன். கடைக்காரப் பெண்ணின் இரண்டு மகன்மாரும் சுரங்கத்தில் லொறி ஓட்டுகிறவர்கள். பாணைச் சுற்றித் தந்தபடி, “நீங்கள் சிட்னிக்குத் திரும்பிப் போய்விடுவீர்கள். இங்கே வேலை இல்லையென்றால் என் பிள்ளைகளும் போய்விடுவார்கள்” என்றார். பிள்ளைகள் எல்லாம் வெளிநாடு போய்விட்ட ஊரிலிருந்து வந்தவள் நான், அவருக்கு என்ன சொல்ல. மிச்சக் காசைக்கூட வாங்காமல் வந்துவிட்டேன்.

அந்த வருடப் பொங்கலுக்கு எங்கள் தலைவர் அந்தத் தொகுதி எம்.பி.யைக் கூப்பிட்டிருந்தார். ஓய்வுபெற்ற கணக்காளர், நல்ல மனிதர், ஆனால் பிரதம விருந்தினர் இல்லாமல் அவருக்குப் பொங்கல் பொங்காது. எம்.பி.யிடமிருந்து ஒரு பதிலும் வரவில்லை. நான் உள்ளே குசினியில் வடை சுட்டுக்கொண்டிருந்தேன். வெளியே கைதட்டல் கேட்டு எட்டிப் பார்த்தால், டை கட்டிய ஒருவர் ஒலிவாங்கியோடு நிற்கிறார். கழுத்தில் மாலை, நெற்றியில் சந்தனம், தோளில் சரிகைக் கரை போட்ட பொன்னாடை. சரி, எம்.பி. வந்துவிட்டார், தலைவருக்கு இன்றைக்கு நித்திரை வரும் என்று நினைத்து, எண்ணெய்ச் சட்டிக்குத் திரும்பிவிட்டேன்.

வடைத் தட்டோடு நான் வெளியே வந்தபோது பண்ணைக்கார மனுசி பானைக்குப் பக்கத்தில் நின்றார். முகம் வெளிறியிருந்தது. குழாயிலிருந்து தண்ணீர் அவருடைய சப்பாத்தின் மேலேயே ஓடிக்கொண்டிருந்தது.

“அவர் யாரென்று உங்களுக்குத் தெரியுமா? என்னிடம் நிலத்தைக் கேட்டு வந்தவர். அந்த நிறுவனத்தின் ஆள். இன்றைக்கும் அதற்குத்தான் வந்திருப்பார்.”

குழாயை மூடினார். வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினார். அத்தனை வருடத்தில் பால் பொங்கும் முன் அவர் அந்த இடத்தை விட்டு அசைந்தது அன்றைக்குத்தான்.

எனக்கு வந்த கோபத்தில் வடைத் தட்டை மேசையில் குத்தி வைத்துவிட்டுத் தலைவரிடம் போனேன்.

“அண்ணை, அவர் ஆரெண்டு ஒரு வார்த்தை கேட்டனீங்களோ?”

“வந்த மனிசனை நீர் ஆரெண்டு கேக்கிறது மரியாதையே, தங்கச்சி? டை கட்டியிருந்தார். நான் எம்.பி. எண்டு நினைச்சன்.”

“அந்த மனுசியின்ர குன்றை வெட்ட வந்தவனுக்கு, அந்த மனுசியின்ர முற்றத்திலயே வச்சுப் பொன்னாடை போத்தியிருக்கிறியள்.”

தலைவர் கதிரையில் இருந்துவிட்டார். அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, அறையலாம் போலவும் இருந்தது. அதற்குள் அந்த மனிதர் ஊற்றுத் தண்ணீர் குடித்து, சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டு, எங்கள் ஆட்களோடு படமும் எடுத்துக்கொண்டு, பொன்னாடையோடு காரில் ஏறிப் போய்விட்டார். தான் யாரென்று அவரும் ஒருவரிடமும் சொல்லவில்லை. மாலையும் மரியாதையும் வந்தால் யார்தான் வேண்டாம் என்பார்கள்.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை அதோடு முடியவில்லை. அடுத்த மாதம் அந்த நிறுவனம் ஊரெங்கும் வீசிய செய்தித்தாளின் முன்பக்கத்தில் அவருடைய பொன்னாடைப் படம். சுற்றிவர எங்கள் ஆட்கள் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார்கள். எல்லாச் சமூகமும் எங்களோடு நிற்கிறது என்று கீழே எழுத்து. நான் பண்ணைக்கார மனுசிக்குத் தொலைபேசி எடுத்தேன். எடுக்கவில்லை. திரும்பத் திரும்ப எடுத்தேன். இந்த நாட்டில் எனக்கென்று கிடைத்த ஒரு சிநேகிதி அவர். குசினியில் நின்று அழுதேன், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

திட்டத்தை அனுமதிப்பதா இல்லையா என்று முடிவெடுக்கும் குழு அந்த ஊர் மண்டபத்தில் பொது விசாரணை வைத்தது. யாரும் பெயர் கொடுத்துச் சில நிமிடம் பேசலாம். நான் பெயர் கொடுத்தேன். என்ன பேசுவது என்றுதான் தெரியவில்லை.

என் கணவருக்கும் ஒரு வியாதி. சங்கத்தின் எந்த விழாவையும் தொடக்கம் முதல் முடிவுவரை வீடியோ எடுப்பார். அதை ஒருவரும் பார்ப்பதில்லை, அவரும் பார்ப்பதில்லை. இந்தக் குப்பையெல்லாம் எதற்கு என்று நான் பேசாத நாளில்லை. நான் பெயர் கொடுத்த அன்றைக்கு அவரே வந்து பக்கத்தில் இருந்தார்.

“இஞ்சாரும், அந்த மனிசன் என்ன பேசினவர் எண்டு உமக்குத் தெரியுமே?”

“நான் வடை சுட்டுக்கொண்டு நிண்டனான். நீங்கள் நிண்டனீங்கள்தானே?”

“நிண்டனான். ஆனா பிரதம விருந்தினர் பேசிறதை ஆர் கேக்கிறது?”

உண்மைதான். எங்கள் கூட்டங்களில் அந்த நேரம்தான் எல்லோரும் ஊர்க்கதை பேசுவார்கள். பண்ணைக்கார மனுசிக்கும் குழாய் இரைச்சலில் ஒன்றும் கேட்டிருக்காது. நாங்கள் இரண்டு பேரும் அந்த வீடியோவை ஓடவிட்டோம். கேட்டு முடிந்ததும் நான் எழும்பி, கலியாணம் கட்டி இத்தனை வருடத்தில் முதல்முறையாக, வீடியோ எடுத்ததற்காக என் கணவருக்கு நல்ல கோப்பி ஒன்று போட்டுக் கொடுத்தேன்.

விசாரணை நாளில் மண்டபம் நிறைந்து வழிந்தது. அந்த மண்ணின் ஆதி மக்களில் ஒரு மூத்த பெண்மணிதான் முதலில் பேசினார். அந்தக் குன்றுக்குத் தன் பாட்டிமார் வைத்த பெயரைச் சொன்னார். பிறகு நிறுவனத்தின் வழக்கறிஞர் எழும்பினார். குன்றை மாடு மேய்ப்பதற்கு மேல் இன்று ஒருவரும் பயன்படுத்துவதில்லை, ஊற்று என்பது மழைக்காலக் கசிவு, அவ்வளவுதான் என்றார். சிட்னித் தமிழர்களே எங்கள் ஆளைக் கௌரவித்திருக்கிறார்கள் என்று திரையில் அந்தப் பொன்னாடைப் படத்தையும் போட்டார். பண்ணைக்கார மனுசி முன்வரிசையில் தலையைக் குனிந்தார். பின்வரிசையில் எங்கள் தலைவரும் குனிந்தார்.

என் முறை வந்தது. எழும்பிப் போய் ஒலிவாங்கியைப் பிடித்தேன்.

“ஆம், நாங்கள்தான் இவருக்குப் பொன்னாடை போர்த்தினோம். அதைப் போர்த்திக்கொண்டு இவர் என்ன சொன்னார் என்று தயவுசெய்து கேளுங்கள்.”

வீடியோ ஓடியது. அதே மனிதர், அதே சரிகைக் கரை. கையில் தகரக் குவளை.

“இந்தப் பள்ளத்தாக்கு முழுக்கத் திரிந்திருக்கிறேன். இப்படி ஒரு இடத்தை நான் கண்டதில்லை. இந்தக் கோடையிலும் இவ்வளவு குளிர்ந்த தண்ணீர். அந்தக் குன்று இல்லையென்றால் இந்த ஊற்று இல்லை, ஊற்று இல்லையென்றால் இந்த இடமே இல்லை. உங்கள் பேரப்பிள்ளைகளும் இங்கே வந்து பொங்கவேண்டும் என்று வாழ்த்துகிறேன்.”

முதலில் யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு மண்டபமே சிரித்தது. பேக்கரிப் பெண்கூட வாயைக் கையால் மூடிக்கொண்டார். நுணலும் தன் வாயால் கெடும் என்பதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். குழுவின் தலைவி சிரிக்கவில்லை. நிறுவனத்தாரின் வரிசையில் இருந்த அந்த மனிதரைப் பார்த்து, அது நீங்கள்தானா என்று கேட்டார். ஆம் என்றார். மனதாரச் சொன்னீர்களா என்று கேட்டார்.

வழக்கறிஞர் அவருடைய கையைப் பிடித்தார். அவர் அதை மெல்ல விலக்கினார்.

“அன்றைக்கு, ஆம். மனதாரத்தான் சொன்னேன்.”

அந்த ஒரு பதிலுக்காக நான் அவரை மன்னித்துவிட்டேன். இவ்வளவு காலமும் பொய்யான வாழ்த்துரைகளையே கேட்டுப் புளித்த சாதி நாங்கள். பொன்னாடை போர்த்திக்கொண்ட ஒருவருக்கு உண்மை வாயில் வந்தது அந்த ஒருமுறைதான். நான் திரும்பி வந்து இருந்தபோது முன்வரிசையிலிருந்து ஒரு கை பின்னால் நீண்டு என் கையைப் பிடித்தது. கூட்டம் முடியும்வரை பண்ணைக்கார மனுசி அதை விடவில்லை.

தீர்ப்பு வர மாதங்கள் பிடித்தன. அனுமதி மறுக்கப்பட்டது. சொன்ன காரணங்களில் முதலாவது ஆதி மக்களின் சொல், அடுத்தது ஊற்று, அதற்கும் கீழே, அந்த இடத்தில் மக்கள் ஆண்டுதோறும் கூடுகிறார்கள் என்ற ஒரு வரி. அந்த வரியைத் தலைவர் பெரிய எழுத்தில் அச்சடித்துச் சட்டம் போட்டுத் தன் வரவேற்பறையில் மாட்டியிருக்கிறார். மாட்டட்டும்.

பேக்கரிப் பெண்ணின் மூத்த மகன் தூரத்துச் சுரங்கத்துக்கு வேலைக்குப் போய்வருகிறான். அவர் என்னோடு அதிகம் பேசுவதில்லை. ஆனால் பாண் தருகிறார், நானும் மிச்சத்தை ஒழுங்காக வாங்கிக்கொள்கிறேன்.

இந்தத் தைக்குப் பண்ணையில் என்றுமில்லாத கூட்டம். டை கட்டிய ஒருவர் கேற்றடியில் வந்து இறங்கினார். தலைவர் ஓடிப்போய், “ஐயா, நீங்கள் ஆர்?” என்று ஆங்கிலத்தில் நேரடியாகவே கேட்டுவிட்டார். இந்த முறை உண்மையாகவே எம்.பி. அவரை ஒரு மரத்தடியில் இருத்திவிட்டு, தலைவர் பொன்னாடையை எடுத்துக்கொண்டு பானையடிக்குப் போனார். குழாயைக் கையில் பிடித்தபடி நின்ற மனுசியின் தோளில் அதைப் போர்த்தினார். பிறகு எங்கள் வழக்கப்படி ஒலிவாங்கியை நீட்டி, இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்.

மனுசி ஒரு கையில் குழாய், ஒரு கையில் ஒலிவாங்கியோடு குன்றின் உச்சியைப் பார்த்தார். ஒரே ஒரு வசனம்தான் சொன்னார். ஆங்கிலம் விளங்காத வயதானவர்களும் வந்திருந்ததால் நான் அதை உரத்துத் தமிழில் சொன்னேன்.

“என்ர மனுசன் மேல இருக்கிறார். இனி அவரை ஒருத்தராலையும் எழுப்ப ஏலாது.”

பால் பொங்கி வழிந்தது. அன்றைக்குப் பிரதம விருந்தினர் பேசியதை எல்லோரும் கேட்டார்கள்.