பெயர்ப்பலகை விளக்கு

பேச்சியம்மாளின் கிரைண்டர் குற்றமற்றது. குற்றவாளி நான்... நானும் என் பெயரும்!

நீங்கள் சிரிக்கலாம். சிரிக்க எழுதியே பிழைப்பவன் நான். ஆனால் இதை எழுத எனக்கு மூன்று மழைக்காலம் தேவைப்பட்டது.

திருத்தங்கலில் என் வீட்டு மாடியில் நான். கீழே வாடகைக்குப் பேச்சியம்மாள். பட்டாசுக் கம்பெனி வேலை. மழை பெய்தால் மருந்து காயாது, வேலையும் கிடையாது. அந்த நாள்களில் கிரைண்டரில் மாவாட்டித் தெருவுக்கு விற்பாள். மழைக்காலத்தில் அவள் அடுப்பு எரிந்தது அதனால்தான்.

அந்த ஐப்பசியில், மின்கசிவு வந்தால் தானே கரண்டை நிறுத்தும் வீட்டின் ட்ரிப்பர் விழத் தொடங்கியது. மேலுக்கும் கீழுக்கும் அது ஒன்றுதான். தூக்கிவிட்டால் சற்று நேரத்தில் மறுபடி ‘டப்’! ஒவ்வொரு முறையும் கீழே கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. வேறு சாட்சி வேண்டுமா?

இருந்தாலும் படித்தவன் அல்லவா... முறைப்படி விசாரித்தேன். எல்லாச் சுவிட்சையும் அணைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டேன். மின்விசிறி, அரசாங்கம் கொடுத்த இலவச டி.வி., கடைசியாகக் கிரைண்டர். எதற்கும் விழவில்லை.

“நல்லாத்தான அண்ணாச்சி ஓடுது? அதப் போயி குத்தஞ் சொல்றீகளே!”

“கொஞ்சம் சூடாகட்டும். அப்பந்தான் குட்டு வெளிப்படும்.”

மாடிக்கு வந்தேன். வெளிச்சுவரில் என் பெயரோடு ‘நகைச்சுவை எழுத்தாளர்’ என்று ஒரு பலகை. அதற்கு மேல் ஒரு விளக்கு. மேகம் கவிந்தால் பகலிலும் எரியவிடுவேன். சிவகாசி பஸ்ஸில் போகிறவர்கள் படிக்க வேண்டாமா? அந்தச் சுவிட்சைப் போட்டேன்.

டப்!

“பாத்தியா!” என்று மேலிருந்து கத்தினேன். கீழே கிரைண்டர் நின்றிருந்தது.

சொந்தப் பெயரை எவன் சந்தேகிப்பான்? மழையில்லாத மாலைகளில் வீட்டுக்கு மாவாட்ட அதே கிரைண்டர் சுற்றியதே, அப்போது ஏன் விழவில்லை? கேட்டிருக்கலாம்... கேட்கவில்லை.

“இனி அதப் போடாத” என்றேன். மறுவாரமே ஆமத்தூரில் யாருக்கோ வந்த விலைக்குத் தள்ளிவிட்டாள்.

அடுத்த மழையில், கிரைண்டரே இல்லாத வீட்டில், பலகை விளக்கைப் போட்டதும் ட்ரிப்பர் விழுந்தது! நல்லவேளை... பாருங்கள், என் வாயில் வருகிற சொல்லை!... பேச்சியம்மாள் ரேஷன் கடைக்குப் போயிருந்தாள்.

மெயினை அணைத்துவிட்டுப் பலகையைக் கழற்றினேன். விளக்குக்குப் போகும் ஒயரின் உறை வெடித்து, உள்ளே மழைநீர். மின்சாரம் ஈரச் சுவரில் கசிந்திருக்கிறது. ஒயரைத் துண்டித்தேன். அதன்பிறகு ட்ரிப்பர் விழவேயில்லை. பத்து நிமிட வேலை. கீழே இறங்கி உண்மையைச் சொல்ல அதைவிடக் குறைவான நேரமே ஆகியிருக்கும்.

சொல்லவில்லை.

இன்று மழை நாள்களில் அவள் ஆட்டுக்கல்லில் கையால் ஆட்டுகிறாள். பாதி வீடுகளுக்குத்தான் மாவு காணும். தெருவெல்லாம் என் புகழ்: “அண்ணாச்சி மட்டும் கண்டுபிடிக்கலேன்னா எம்புட்டு ஆபத்து!”

போன மழையில், சொல்லிவிடுவதென்றே படியிறங்கினேன். தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டே நிமிர்ந்தாள்.

“அண்ணாச்சி, ஒங்க பேருக்கு மேல லைட்டு ஏன் எரியல? பாக்க அம்புட்டு நல்லாருக்குமே! எங்க கிரைண்டர்தான் போயிருச்சுல்லா, இனி பயப்படாமப் போடுங்க.”

“பல்பு போயிருச்சும்மா” என்றேன்.

குழவி மறுபடி சுற்றத் தொடங்கியது.