ஆவியை மட்டும் உண்ணும் அம்மன்

எழுபதுகளின் தொடக்கத்தில், கம்பம்மெட்டுக்குப் பக்கத்து ஏலத்தோட்டம் ஒன்றில் காய் பொறுக்கும் வேலையில் இருந்தேன். உலர்த்திய காயை ஸ்டோருக்குள் குவித்திருப்பார்கள். நாங்கள் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, முறத்தில் அள்ளி, பச்சை தனி, வெளிறியது தனி, வெடித்தது தனி என்று பிரிப்போம். வாய் சும்மா இருந்தால் எங்களுக்குள் சண்டை வரும் என்பது கங்காணிக்கு அனுபவம். அதனால் கதை சொல்லத் தெரிந்த ஒருத்தியை நடுவில் உட்கார வைத்துவிடுவார். அந்த வருஷம் அது என் மதினி, அண்ணன் பெண்டாட்டி.

மதினியின் கதை எந்த ஊரிலும் நடந்ததில்லை. முழுக்க அவள் இட்டுக்கட்டியது. ஆறு மேல்நோக்கி ஓடுகிற ஒரு தேசம், அங்கே வருஷத்துக்கு ஒரு விரல் உயரம் வளர்கிற மலை, அதன் உச்சியில் இடிந்து கிடக்கிற ஓர் அம்மன் கோயில். அதைக் கட்டிய ராஜா யார், மேகத்தைக் கயிறு போட்டு இழுத்து எப்படித் தண்ணீர் பிடித்தார்கள் என்று நாள்கணக்கில் ஓட்டினாள். நாங்கள் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். ஆனாலும் அந்த அம்மன் மேல் எனக்கு ஒரு பிரியம் வந்துவிட்டது. அவள் சோறு தின்னமாட்டாளாம். சுடச்சுட வைத்த படையலிலிருந்து எழும்பும் ஆவியை மட்டும் உண்பாளாம். ஆறிப்போன சோற்றை மலையிலிருந்து மேகத்துக்குள் கொட்டிவிடுவார்களாம்.

"அம்புட்டு பெரிய கோயில் எப்பிடித்தாண்டி இடிஞ்சுச்சு? அதைச் சொல்லு மொதல்ல" என்று பெண்கள் தினமும் அரித்தார்கள். மதினிக்கே தெரியாது என்பது எனக்கு மட்டும் தெரியும். தொழிலாளர் குடியிருப்பில், எங்கள் லயத்து வீட்டில் அடுப்பு ஊதிக்கொண்டே அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் ஸ்டோரில் திடீரென்று பதில் வந்துவிட்டது.

"அங்க வெளக்கேத்த ஒரு புதுப் பொம்பள வந்தா. ஒருநா பூசாரி வெளிய போன நேரம் பாத்து, அம்மனுக்கு வச்ச படையல இவ தின்னுபுட்டா. பானையச் சொரண்டித் தின்னா."

என் கை நின்றுவிட்டது.

அது என் கதை. என்னைப் போடியில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மாமியார் வீட்டில் மருமகள் கடைசியில்தான் சாப்பிட வேண்டும். கடைசியில் பானையில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. ஒரு மத்தியானம் மாமியார் சந்தைக்குப் போயிருந்தபோது, மாமனாருக்கு எடுத்து வைத்திருந்த சோற்றை நான் தின்றுவிட்டேன். கொஞ்சம் தின்று நிறுத்தலாம் என்றுதான் உட்கார்ந்தேன். நிறுத்த முடியவில்லை. சாயங்காலமே 'திருடி' என்று பெயர் வைத்து என்னைப் பஸ் ஏற்றிவிட்டார்கள். மாப்பிள்ளை பம்பாயில் வேலை பார்க்கிறார், வீடு கிடைத்ததும் கூட்டிக்கொள்வார் என்று அப்பா தோட்டம் முழுக்கச் சொல்லிவைத்தார். உண்மையை மதினியிடம் மட்டும் சொல்லியிருந்தேன், ஒரு மழை நாளில், அழுதுகொண்டு.

அவளை நிறுத்தவும் வழியில்லை. நிறுத்து என்று சொன்னால் அந்தப் பொம்பளை நான்தான் என்று ஆகிவிடும். குனிந்து காயையே பார்த்துக்கொண்டிருந்தேன். சுற்றிலும் ஆளாளுக்குத் திட்டினார்கள். "சாமிக்கு முன்னாடி திம்பாளா ஒருத்தி? நாக்கப் பாரு" என்றாள் என் பக்கத்தில் இருந்த வயசான பெரியம்மா ஒருத்தி. அவள் திட்டத் திட்ட என் காது கொதித்தது.

"ஆவியத்தானே அம்மன் தின்னும்?" என் குரல்தான். "சோறு எப்பிடியும் மேகத்துலதானே போகப்போகுது. அத அவ தின்னா என்ன கொறஞ்சுபோச்சு? பசிச்சா அவ என்ன செய்வா?"

கதைக்கு யாரும் அவ்வளவு கோபப்படமாட்டார்கள். எல்லா முறமும் நின்றது. மதினி என் முகத்தைப் பார்த்தாள், பார்த்த மாத்திரத்தில் வெளிறிப்போனாள். மனசில் கள்ளம் இல்லாதவள்தான். கதைக்கு ஒரு முடிச்சு வேண்டியிருந்தது, கையில் அகப்பட்டதை எடுத்துப் போட்டுவிட்டாள்.

"இல்லல்ல. அவ ஒண்ணும் திங்கல" என்று தடுமாறினாள். "ஆனை வந்துச்சு. ஆனைதான் படையலத் தின்னுட்டுக் கோயில இடிச்சுப் போட்டுருச்சு."

அந்த யானை வராமலே இருந்திருக்கலாம். அதுவரை சந்தேகத்தில் இருந்தவர்களுக்கும் அது வந்ததும் எல்லாம் புரிந்துவிட்டது. எழுந்து ஓடிவிடலாம் என்றிருந்தது.

மத்தியானம் தூக்குவாளியைத் திறந்தோம். தமிழ்நாட்டு அரிசி கேரளத்துக்குள் வரக் கூடாது என்று, கம்பத்திலிருந்து மடியில் கட்டிக்கொண்டு வருவதைக்கூட செக்போஸ்ட்டில் பிடுங்கிக்கொண்ட காலம் அது. பலர் மரவள்ளிக்கிழங்குதான் கொண்டுவருவார்கள். பெரியம்மா என்னைப் பார்க்காமலே, தன் வாளியிலிருந்து ஒரு கைப்பிடி சோற்றை என் மூடியில் வைத்தாள். அப்புறம் எதிரே இருந்தவள். அப்புறம் அவளுக்கு அடுத்தவள். திருடி என்று ஒருத்தி சொல்லியிருந்தால் நான் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பேன், எனக்கு வாய் உண்டு. சோற்றிடம் என்ன சண்டை போடுவது? பசியே இல்லை. மிச்சம் வைத்தால் அவர்களுக்குச் சங்கடம் என்று எல்லாவற்றையும் தின்றேன். போடியில்கூட நான் அப்படி வெட்கப்படவில்லை.

மாப்பிள்ளை எப்போது வருவார் என்று அதன் பிறகு யாரும் கேட்கவில்லை. மதினி கதையை வேறு தேசத்துக்குக் கொண்டுபோய்விட்டாள். ஆனால் காலையில் ஸ்டோர் வாசலில் பார்க்கிறவர்களெல்லாம், "சாப்பிட்டியாத்தா?" என்பார்கள். முன்பும் அப்படிக் கேட்டவர்கள்தான். ஆனால் முன்பெல்லாம் கேட்டுக்கொண்டே போய்விடுவார்கள். இப்போது நின்று, நான் பதில் சொல்கிற வரைக்கும் காத்திருந்தார்கள்.

அந்தத் தோட்டத்தை விட்டு வந்து எத்தனையோ காலம் ஆகிறது. இன்றைக்கும் யாராவது சாப்பிட்டாயா என்று கேட்டால், உலையே வைத்திருக்காவிட்டாலும், அவர்கள் கேட்டு முடிப்பதற்குள் "ஆச்சு" என்று சொல்லிவிடுகிறேன்.